முடியில்லாத குட்டைக்கால் பூனைகள்: மின்ஸ்கின், பாம்பினோ பற்றி விவரம் தெரிந்தவர்கள் வரவும்

குட்டிப்புலி
மின்ஸ்கின், பாம்பினோ, டுவெல்ஃப் என்று மூன்று பெயர் கண்ணில் படுகிறது. மூன்றும் மொட்டை உடம்பு, மூன்றும் குட்டைக் கால். ஒரே இனத்துக்கு மூன்று பெயரா, அல்லது தனித்தனியா? எங்கே, யார் தொடங்கியது? வளர்ப்பவர்களுக்கு என்ன தொல்லை? விற்பனைப் பக்கங்களில் எல்லாமே தேனொழுகத்தான் எழுதியிருக்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

கடுவன்
தனித்தனி. ஆனால் மூன்றிலும் இரண்டு சரக்கு பொது: மஞ்ச்கின் என்ற குட்டைக்கால் இனத்தின் கால், ஸ்பிங்க்ஸ் என்ற மொட்டை இனத்தின் தோல். அந்த இரண்டின் கதை தெரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

குட்டைக்கால் பூனைகள் புதிதல்ல. 1944-லேயே இங்கிலாந்தில் நான்கு தலைமுறை குட்டைக்கால் பூனைகளை ஒரு கால்நடை மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரோடு அந்த வம்சம் காணாமல் போனது. இன்றைய மஞ்ச்கின் எல்லாம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ரேவில் என்ற ஊரில் 1983-ல் கிடைத்த பிளாக்பெர்ரி என்ற கறுப்புப் பெட்டையிலிருந்து வந்தவை. சாண்ட்ரா ஹோக்கெனடெல் என்ற ஆசிரியை லாரிக்கடியில் ஒளிந்திருந்த இரண்டு சினைப் பூனைகளைக் கொண்டுபோய் வளர்த்தார். அதில் ஒன்றுதான் பிளாக்பெர்ரி. அதன் குட்டி டூலூஸ் என்ற கடுவன், தோழி கே லாஃபிரான்ஸ் வீட்டுக்குப் போய் அங்கே ஊரெங்கும் வாரிசு வைத்தது. 1991-ல் நியூயார்க் கண்காட்சியில் காட்டியபோது பெரிய ரகளை. டிகா என்ற பூனை இனப் பதிவு அமைப்பு 1994-ல் புது இனத் திட்டத்தில் சேர்த்து, 2003-ல் சாம்பியன் தகுதி கொடுத்தது. சி.எஃப்.ஏ., ஃபிஃபே, பிரிட்டனின் ஜி.சி.சி.எஃப். என்ற மற்ற மூன்று பதிவு அமைப்புகளும் இன்றுவரை ஏற்கவில்லை.

மொட்டைப் பக்கம்: 1966-ல் டொராண்டோவில் ஒரு சாதாரண வீட்டுப் பூனைக்கு முடியில்லாமல் பிறந்த கடுவனுக்கு ப்ரூன் என்று பெயர். அந்த வம்சம் நோய் நொடியில் தேய்ந்தது. சி.எஃப்.ஏ. முதலில் கொடுத்த தற்காலிக ஏற்பை 1971-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போதுள்ள ஸ்பிங்க்ஸ், 1970-களில் மின்னசோட்டா பண்ணையிலும் டொராண்டோ தெருவிலும் தனித்தனியாகக் கிடைத்த பூனைகளை டெவன் ரெக்ஸ் என்ற சுருள்முடி இனத்தோடு கலந்து கட்டியெழுப்பியது. சி.எஃப்.ஏ. 2002-ல்தான் சாம்பியன் வகுப்பில் சேர்த்தது. (டொராண்டோ நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

இனி உங்கள் கேள்வி. மின்ஸ்கின்: பாஸ்டனில் பால் மெக்சோர்லி 1998-ல் தொடங்கினார். மஞ்ச்கின், ஸ்பிங்க்ஸ், டெவன் ரெக்ஸ், பர்மீஸ் நான்கும் கலந்தது. பாம்பினோ: ஓஸ்போர்ன் தம்பதி 2005-ல் அறிமுகப்படுத்தியது, மஞ்ச்கினும் ஸ்பிங்க்ஸும் மட்டும். டுவெல்ஃப்: அந்த இரண்டோடு காது பின்னால் மடங்கும் அமெரிக்கன் கர்ல். அந்தக் காது 1981-ல் கலிஃபோர்னியாவின் லேக்வுட்டில் கிடைத்த ஷூலமித் என்ற பூனையிடமிருந்து.

ரேகா_கோவை
பார்வைக்கு எப்படிப் பிரிப்பது கடுவன் சார்? பாம்பினோவும் மின்ஸ்கினும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

கடுவன்
முகத்தையும் நுனிகளையும் பாருங்கள். மின்ஸ்கினுக்கு மூக்குமேடு, காது, பாதம், வால் ஆகியவற்றில் மெல்லிய முடி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். வயிறு மொட்டை, நடு உடம்பில் அங்கங்கே பூனைமுடி. பர்மீஸ் கலந்ததால் முகம் உருண்டை, கண் பெரிசு, கன்னம் உப்பல். எடை 2 முதல் 2.7 கிலோ, அதற்கு மேல் அரிது. பாம்பினோ நீளமான ஆப்பு முகம், கன்ன எலும்பு துருத்தி நிற்கும், காது வௌவால் மாதிரி, உடம்பு பூராவும் பீச் பழத் தோல் போன்ற பூவிழை. எடை 2.2 முதல் 4 கிலோ.

மீசை இரண்டிலும் குட்டையாக, சுருண்டு, ஒடிந்து இருக்கும். சிலதுக்கு இருக்கவே இருக்காது. முழு நீள மீசையோடு ஒரு "மொட்டைப் பூனை" விற்க வந்தால் ஒன்று ஷேவ் பண்ணியது, அல்லது முடி நீக்கும் க்ரீம் போட்டது. தோலை எதிர்த் திசையில் தடவிப் பாருங்கள். இரண்டு நாள் தாடி மாதிரி குத்தினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஒடுங்குபண்பு
மரபணுக் கணக்கை நான் போடுகிறேன். இதில்தான் வளர்ப்பவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள்.

குட்டைக் கால் ஓங்குபண்பு. ஒரு பிரதி இருந்தாலே கால் குட்டை. யு.ஜி.டி.ஹெச். என்ற மரபணுவில் ஒரு பெரிய மாற்றம் இருப்பதை 2020-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டு பிரதி வந்தால் கரு தாயின் வயிற்றிலேயே அழிந்துவிடும். ஆகவே உயிரோடு இருக்கும் ஒவ்வொரு குட்டைக்கால் பூனையும் ஒரு பிரதிக்காரன்தான், "சுத்தமான" மஞ்ச்கின் வம்சம் என்று ஒன்று இருக்கவே முடியாது.

மொட்டை ஒடுங்குபண்பு, இரண்டு பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். கே.ஆர்.டி.71 என்ற கெரட்டின் மரபணு. ஸ்பிங்க்ஸ், டெவன் ரெக்ஸ் இரண்டின் மாற்றமும் இதே மரபணுவில் வெவ்வேறு இடத்தில். சாதாரண முடி எல்லாவற்றையும் மிஞ்சும், ஸ்பிங்க்ஸ் மாற்றம் டெவன் மாற்றத்தை மிஞ்சும். அதனால் ஒரு ஸ்பிங்க்ஸ் பிரதியும் ஒரு டெவன் பிரதியும் உள்ள பூனை ஏறக்குறைய மொட்டையாகவே வரும். மின்ஸ்கினில் டெவனைக் கலக்க முடிந்தது இதனால்தான்.

இப்போது ஜோடி சேர்ப்போம். மஞ்ச்கின் × ஸ்பிங்க்ஸ்: முதல் ஈற்றில் ஒரு மொட்டைகூட வராது. எல்லாம் முடியோடு, பாதி குட்டைக் கால். அந்தக் குட்டைக்கால் குட்டியை மறுபடி ஸ்பிங்க்ஸோடு சேர்த்தால் நான்கில் ஒன்று முடியில்லாத குட்டைக்கால், நான்கில் ஒன்று நெட்டைக்கால் மொட்டை, மீதிப் பாதி முடிக்காரர்கள். அந்த நான்கில் ஒன்றான பாம்பினோவை ஸ்பிங்க்ஸோடு சேர்த்தால் எல்லாமே மொட்டை, பாதிக்குப் பாதி குட்டைக் கால். ஒழுங்கானவர்கள் கடைசியில் நிற்கும் இடம் இதுதான்.

இன்னொன்று: ரஷ்யாவின் டான்ஸ்காய், பீட்டர்பால்ட் பூனைகளும் மொட்டைதான், ஆனால் அது ஓங்குபண்பு, வேறு மரபணு. 1987-ல் ரோஸ்டோவ் ஊரில் கிடைத்த வர்வரா என்ற பூனையிடமிருந்து வந்தது. டான்ஸ்காயைக் கலந்து பாம்பினோ என்று விற்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது.

குட்டிப்புலி
> அந்த நான்கில் ஒன்றான பாம்பினோவை ஸ்பிங்க்ஸோடு சேர்த்தால்

பாம்பினோவையும் பாம்பினோவையும் சேர்த்தால் என்ன ப்ரோ?

ஒடுங்குபண்பு
கருவில் நாலில் ஒன்று போய்விடும். பிழைத்துப் பிறப்பதில் மூன்றில் இரண்டு குட்டைக் கால், ஒன்று நெட்டை. அதாவது குட்டைக்கால் விகிதம் பாதியிலிருந்து மூன்றில் இரண்டுக்கு ஏறுகிறது, ஆனால் ஈற்றே சிறுத்துவிடுகிறது. நான்கு கரு தரித்தால் இரண்டு பாம்பினோ. ஸ்பிங்க்ஸோடு சேர்த்தாலும் நான்குக்கு இரண்டுதான். ஒரு லாபமும் இல்லாமல் கருவைக் கொல்லும் வேலை. அப்படிச் செய்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

வெட்_மதி
கால்நடை மருத்துவப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

இதயம் முதலில். ஸ்பிங்க்ஸ் வம்சத்தில் இதயத் தசை தடிக்கும் நோய், அதாவது ஹெச்.சி.எம்., அதிகம். 2021-ல் ஏ.எல்.எம்.எஸ்.1 என்ற மரபணு மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பு சொன்னார்கள். அந்த டெஸ்ட் நெகட்டிவ் என்ற ஒற்றைக் காகிதத்தை நீட்டி இதயம் சுத்தம் என்று சொல்வது செல்லாது. ஸ்டெதாஸ்கோப்பிலும் பாதி தவறிப்போகும், முணுமுணுப்புச் சத்தமே இல்லாமல் தசை தடித்த பூனைகள் உண்டு. எக்கோ, அதாவது இதய அல்ட்ராசவுண்ட், எடுக்க வேண்டும், ஒரு வயதிலிருந்து வருடா வருடம், இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பூனைக்குக் கட்டாயம். பெற்றோர் இரண்டின் எக்கோ அறிக்கையிலும் தேதியைப் பாருங்கள், மூன்று வருடம் பழையது என்றால் அது அறிக்கையே அல்ல.

இரண்டாவது, தசை பலவீன நோய். டெவன், ஸ்பிங்க்ஸ் இரண்டிலும் கோல்-க்யூ மரபணுவால் வருகிறது. பெரும்பாலும் 3 வாரம் முதல் 6 மாதத்துக்குள் தெரியும்: நடக்கும்போது தலை தொங்கும், களைத்ததும் முன்கால்களை எங்காவது ஊன்றி நாய் கெஞ்சுவது போல் நிற்கும், சாப்பிடும்போது தொண்டையில் அடைக்கும். அந்த அடைப்புதான் உயிரை எடுப்பது. ஒடுங்குபண்பு என்பதால் பெற்றோரைச் சோதித்தால் முழுதாகத் தவிர்க்கலாம். மலிவான டெஸ்ட். செய்யாததற்குச் சாக்கே கிடையாது.

மூன்றாவது, பலரும் மறப்பது, ரத்தப் பிரிவு. டெவன் ரெக்ஸில் பி பிரிவு கணிசம், ஸ்பிங்க்ஸிலும் உண்டு. ஆகவே மின்ஸ்கினில் எதிர்பார்த்தே ஆக வேண்டும். பி பிரிவுத் தாய்க்கு ஏ பிரிவுக் கடுவனைச் சேர்த்தால், ஏ பிரிவுக் குட்டிகள் சீம்பால் குடித்ததும் தாயின் எதிர்ப்பொருள் குட்டியின் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். பிறக்கும்போது திடகாத்திரமாக இருந்த குட்டி ஒன்றிரண்டு நாளில் பால் குடிக்காது, சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், ஈறு மஞ்சளிக்கும். தப்பிப் பிழைத்தாலும் வால் நுனி கறுத்து உதிரலாம். தவிர்க்கும் வழி எளிது: சேர்க்கும் முன் இரண்டுக்கும் ரத்தப் பிரிவு பாருங்கள். தெரியாமல் சேர்ந்துவிட்டதென்றால் பிறந்த குட்டிகளை முதல் 24 மணி நேரம் தாயின் முலையில் விடாமல் பூனைப் பால் பவுடரோ, ஏ பிரிவுத் தாய்ப் பூனையின் பாலோ கொடுங்கள். அதற்குப் பின் குடல் எதிர்ப்பொருளை உள்ளே விடாது, தாயிடம் சேர்க்கலாம்.

மயக்க மருந்து கொடுக்கும்போது இவை வேகமாகக் குளிர்ந்துபோகும். கருத்தடைக்குக் கொண்டுபோனால் வெப்பப் போர்வை வைத்திருக்கிறார்களா, அறுவைக்கு நடுவிலும் வெப்பநிலை பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ரேகா_கோவை
கால் குட்டையாக இருப்பதால் முதுகெலும்பு கெடுமாமே? டாக்ஸ்ஹண்ட் நாய்க்கு வருவது போல?

வெட்_மதி
அது தவறாகப் பரவியிருக்கிறது. டாக்ஸ்ஹண்டின் குட்டைக் காலுக்குக் காரணம் எஃப்.ஜி.எஃப்.4 என்ற வேறு மரபணுவின் கூடுதல் பிரதி, அதோடு ஒட்டி வருவதுதான் முதுகுத்தட்டு நோய். பூனையில் மரபணுவே வேறு, தட்டு நோய் அந்த அளவில் பார்க்கப்படவில்லை.

அதற்காக எலும்பு சுத்தம் என்று அர்த்தமில்லை. முன்கால் எலும்பு வளைந்திருக்கும், முழங்கையில் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிகிறது. பூனை நொண்டாது, வலியை மறைக்கும். குதிப்பதை நிறுத்துவது, நகம் தேய்க்காமல் வளரவிடுவது, மலம் கழிக்கும் லிட்டர் பாக்ஸுக்கு வெளியே போவது, இவைதான் அறிகுறி. குட்டி வாங்கும்போது நெஞ்சைத் தடவுங்கள்: முன்கால்களுக்கு நடுவில் ஆரம்பித்து மார்பெலும்பு நெடுக ஒரு விரலை ஓட்டினால் நேர்கோடாக இருக்க வேண்டும். கடைசிப் பகுதியில் விரல் குழிக்குள் இறங்கினால் குழிமார்பு. முதுகில் தோள்பட்டைக்குப் பின்னால் தொட்டில் போலத் தாழ்ந்திருந்தால் அதுவும் கோளாறு. இரண்டும் மற்ற பூனைக்கும் வருவதுதான், ஆனால் குட்டைக்கால் வம்சத்தில் தேடிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

நெட்டைக்கால்
எல்லோரும் அறிவியல் பேசுகிறீர்கள், அடிப்படைக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. முடியைப் பிடுங்கி, காலை ஒடித்து, அதற்கு ஒரு பெயர் வைத்து ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்பதா இனவிருத்தி? ஜெர்மனியில் இதைச் சித்திரவதை வளர்ப்பு என்றே சட்டம் சொல்கிறது.

கடுவன்
சட்ட நிலவரத்தைச் சரியாகவே சொல்லிவிடுவோம். ஜெர்மனி விலங்கு நலச் சட்டம் பிரிவு 11பி அது. 2015-ல் பெர்லின் நிர்வாக நீதிமன்றம் மீசையில்லாத ஸ்பிங்க்ஸை இனப்பெருக்கத்துக்கு வைக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. முடியில்லாததைவிட மீசையில்லாததே அங்கே முக்கிய வாதம், மீசை பூனையின் புலனுறுப்பு என்பதால். நெதர்லாந்து இன்னும் மேலே போய், 2026 ஜனவரி 1 முதல் மொட்டைப் பூனையையும் காது மடிந்த பூனையையும் புதிதாக வைத்திருப்பதையே தடை செய்திருக்கிறது. அதற்கு முன் பிறந்து சிப் போட்டவை ஆயுள்வரை இருக்கலாம். இந்தச் சூழலில் பாம்பினோ, மின்ஸ்கின் இரண்டும் ஐரோப்பாவில் வேர் பிடிக்க வழியில்லை.

நெட்டைக்கால்
நீங்கள் என்ன பக்கம் என்று சொல்லவில்லையே.

கடுவன்
மொட்டையைத் தனியாக வைத்தால், தினசரிப் பராமரிப்பு செய்கிறவரிடம் அந்தப் பூனை நன்றாக வாழும். குட்டைக் காலைத் தனியாக வைத்தாலும் ஓரளவு வாதாடலாம். இரண்டையும் ஒரே உடம்பில் ஏற்றியதுதான் எனக்கு ஒப்பவில்லை. மீசையில்லாத பூனைக்கு உயரமாகத் தாண்டவும் முடியாது என்றால் தப்பிக்கும் இரண்டு வழியும் அடைபட்டது. அதே நேரம் ஏற்கெனவே பிறந்து வீட்டில் இருக்கும் பூனைக்கு நம் சண்டையால் பிரயோஜனமில்லை, அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்வதில் தப்பும் இல்லை.

ஒடுங்குபண்பு
இதில் நான் நெட்டைக்கால் பக்கம். இரண்டு பிரதி வந்தால் கருவைக் கொல்லும் மரபணுவை இனத்தின் அடையாளமாக வைப்பதே கோணல். ஆனாலும் கணக்கைக் கேட்டால் சொல்லுவேன்.

மீசை_மாயா
குளியல் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

எல்லாப் பூனைக்கும் தோலில் எண்ணெய் சுரக்கிறது. முடியிருந்தால் முடி வழியே பரவி, நக்குவதில் போய்விடும். இவற்றுக்குப் போக இடமில்லாமல் தோலிலேயே தங்கி, தூசியோடு சேர்ந்து பழுப்புப் பிசுக்காகும். சோபாவில், தலையணையில் அச்சு விழும். அதனால் 7 முதல் 14 நாளுக்கு ஒரு குளியல். அதைவிட அடிக்கடி செய்தால் தோல் வறண்டு செதில் உதிரும், அரிப்பில் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும்.

முதலில் நகம் வெட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கை கிழியும். தொட்டியடியில் ரப்பர் விரிப்பு. தண்ணீர் 37, 38 டிகிரி, ஆழம் 5 சென்டிமீட்டர் போதும். மற்ற பூனைக்கு வைக்கும் அளவு வைத்தால் இதற்குக் கழுத்துவரை வந்துவிடும், அப்புறம் ஆயுளுக்கும் தண்ணீரைக் கண்டால் அலறும். வாசனையில்லாத பூனை ஷாம்பு ஒரு ரூபாய் நாணயம் அளவு, உள்ளங்கையில் நுரைத்துப் பூசுங்கள். அக்குள், கழுத்து மடிப்பு, வால் அடி, விரலிடுக்கு, இந்த நான்கு இடத்தில்தான் அழுக்கு. முகத்துக்கு ஈரத்துணி மட்டும். மடிப்பைப் பிரித்துப் பிரித்து அலச வேண்டும், நுரை தங்கினால் மறுநாளே சிவந்துவிடும். உடனே டவலில் ஒற்றித் துவட்டுங்கள், தேய்க்காதீர்கள்.

காதுக்குள் முடியில்லாததால் மெழுகு அதிகம். வாரம் ஒரு தடவை பஞ்சு உருண்டையில் காது மருந்து நனைத்துக் கண்ணுக்குத் தெரிகிற வரை மட்டும் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம், மெழுகை உள்ளே தள்ளும். பழுப்பு மெழுகு இயல்பு. காப்பித்தூள் மாதிரி உதிர்ந்து, நாற்றமடித்து, தலையை உதறினால் பூச்சி அல்லது பூஞ்சை.

நகத்தைப் பிதுக்கிப் பாருங்கள். நகம் முளைக்கும் மடிப்பில் கரும்பழுப்பாக ஒரு பசை ஒட்டியிருக்கும். வெந்நீர்த் துணியால் வாராவாரம் துடைத்தால் வந்துவிடும். விட்டால் மலசீசியா பூஞ்சை ஏறி மடிப்பு சிவந்து, பூனை பாதத்தை ஓயாமல் நக்கும். அந்தக் கட்டத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் துடைப்பான் வேண்டும், மருத்துவரிடம் கேட்டு.

ரேகா_கோவை
வறண்டால் தேங்காய் எண்ணெய் தடவலாமா அக்கா?

மீசை_மாயா
வேண்டாம் ரேகா. வறட்சிக்குக் காரணம் பெரும்பாலும் குளியல் அதிகம் அல்லது ஷாம்பு அலசாதது, அதைச் சரிசெய்யுங்கள். எண்ணெய் தடவினால் துவாரம் அடைத்து முதுகிலும் தாடையிலும் கரும்புள்ளி வரும், நக்கி வயிற்றுப்போக்கும் ஆகும். நீலகிரித் தைலம், டீ ட்ரீ எண்ணெய் பக்கமே போகாதீர்கள், இரண்டும் பூனைக்கு விஷம். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்து உயிரையே எடுக்கும். மனிதர் சன்ஸ்கிரீனும் கூடாது, துத்தநாக ஆக்சைடும் சாலிசிலேட்டும் நக்கும்போது உள்ளே போகும். வெயிலிலிருந்து காக்கத் திரைச்சீலை போதும். வெளிர்நிறத் தோல் ஜன்னலோர உச்சி வெயிலிலேயே பொசுங்கும்.

குளிர் நாடுகளில் ஹீட்டர் மேல் படுத்துத் தோல் கொப்பளித்த கேஸ்கள் உண்டு. சூடு தெரியாது, சுகம்தான் தெரியும். வெப்பத் தட்டு வைத்தால் தெர்மோஸ்டாட் உள்ளதாக, மேலே இரண்டு மடிப்புப் போர்வையோடு. ஸ்வெட்டர் போட்டால் ஒன்றுவிட்டு ஒருநாள் துவையுங்கள், அது எண்ணெய் குடித்துப் பிசுபிசுத்துவிடும்.

குட்டிப்புலி
முடியில்லாததால் அலர்ஜி வராது என்கிறார்களே?

வெட்_மதி
வரும். அலர்ஜி கொடுப்பது முடியல்ல, ஃபெல் டி 1 என்ற புரதம். எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கிறது. வீடெங்கும் பறக்கும் முடி குறைவு, தொட்டால் கையில் ஒட்டும் எண்ணெய் அதிகம். வாங்கும் முன் அதே பூனையோடு சில மணி நேரம் இருந்து பாருங்கள்.

ஒடுங்குபண்பு
வீட்டு அமைப்பு பற்றி ஒரு வரி: 45 சென்டிமீட்டர் சோபாவுக்கு 15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று படி, அல்லது ஒரு மீட்டருக்குக் குறையாத சாய்பலகை, மேலே கம்பளம் ஒட்டி. ஏறுவதைவிட இறங்கும்போது முழங்கை வாங்கும் அடிதான் மோசம். லிட்டர் பாக்ஸ் வாசல் 6, 7 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

குட்டிப்புலி
சாப்பாடு எவ்வளவு? மொட்டைப் பூனை நிறையத் தின்னும் என்கிறார்கள், குட்டைக்காலுக்கு எடை கூடக்கூடாது என்கிறார்கள். எது?

வெட்_மதி
இரண்டும். 2.5 கிலோ பூனைக்கு ஓய்வுநிலைத் தேவை சுமார் 140 கிலோகலோரி. கருத்தடை செய்த சாதாரணப் பூனைக்கு அதை 1.2-ஆல் பெருக்குவோம், சுமார் 170. மொட்டைக்கு 1.4-ல் தொடங்குங்கள், சுமார் 195. உலர் உணவு 100 கிராமுக்கு 375 கிலோகலோரி என்றால் ஒரு நாளுக்கு 52 கிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. கப்பில் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை பூனையையும் நிறுங்கள். 100 கிராம் ஏறியிருந்தால் தீனியை 5 கிராம் குறையுங்கள், மறு எடைவரை வேறெதையும் மாற்ற வேண்டாம். குளிர்காலத்தில் அதே அளவு தீனி போட்டாலும் எடை இறங்கும், அப்போது திரும்ப ஏற்றுங்கள். தட்டு பீங்கானோ எவர்சில்வரோ இருக்கட்டும், கீறல் விழுந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் எண்ணெய் தங்கித் தாடையில் பரு கிளம்பும்.